அரை ஃபிரேம் கேமராவில் வேற்று லென்ஸ்: அடாப்டர் தேர்விலிருந்து அபர்ச்சர் வளையம் பழகுவது வரை

ஞாயிறு காலைகளில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பழைய பிலிம் கேமராவோடு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒலிம்பஸ் பென் என்ற அரை ஃபிரேம் கேமரா (பிலிமில் வழக்கமான ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுப்பது) வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் கிடக்கும் நிக்கான் லென்ஸையோ ஹீலியோஸையோ இதில் மாட்டலாமா? மாட்டலாம். மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் தடுமாறுகிறார்கள். இதுவரை கேமரா தானாகச் செய்துவந்த ஒரு வேலை, அதாவது அபர்ச்சர் எனும் லென்ஸின் துளையை மூடுவது, இப்போது தங்கள் விரலுக்கு வந்துவிட்டதை அவர்கள் மறந்துபோகிறார்கள்.

இது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பென் எஃப், பென் எஃப்டி, பென் எஃப்வி ஆகிய மூன்றுக்குமான வழிகாட்டி. பென் இஇ, கேனான் டெமி போன்றவற்றில் லென்ஸ் உடலோடு சேர்ந்தே வருவது. அவற்றுக்கு அடாப்டர் (வேற்று லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) தேடிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நன்றாக இயங்கும் கேமரா, அதற்கே உரிய பென் லென்ஸ் ஒன்று, மாட்ட விரும்பும் லென்ஸ், அடாப்டர், சிறிய டார்ச், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருப்பது போன்ற நுண்ணிய திருப்புளி, பால்நிற ஒட்டுநாடா, கேபிள் ரிலீஸ் (ஷட்டர் பொத்தானைத் தொடாமலே அழுத்த உதவும் கம்பி), முக்காலி, ஒரு பூதக்கண்ணாடி. வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் நல்லது. பென் லென்ஸ் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். படம் தெளிவில்லாமல் வந்தால் குற்றம் கேமராவிலா அடாப்டரிலா என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

1. லென்ஸில் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

அபர்ச்சரை மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. டிஜிட்டல் கேமராவோடு வரும் 18–55 லென்ஸை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். அதில் வளையம் கிடையாது. நிக்கானின் ஜி வகை லென்ஸ்கள் கேமராவிலிருந்து கழற்றியதும் ஆகச் சிறிய துளைக்கு மூடிக்கொள்ளும், திறக்க வழியில்லை. கேனான் இஎஃப் லென்ஸின் துளையை இயக்குவது மின்சாரம். பென் எஃப் அதற்கு மின்சாரம் தராது.

வளையம் உள்ள லென்ஸ்களிலும் நடத்தை வேறுபடும்.

நிக்கான் ஏஐ, ஏஐ-எஸ், ஏஎஃப்-டி லென்ஸ்களில் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. கேமராவில் இல்லாதபோது அது வளையம் காட்டும் எண்ணுக்குத் துளையை மூடிவிடும். ஆகவே எளிய அடாப்டரிலும் வளையத்தைத் திருப்பினால் துளை மாறும். ஏஎஃப்-டி லென்ஸில் மட்டும் வளையத்தை ஆகச் சிறிய துளையில் பூட்டி வைக்கும் ஒரு சிறு பூட்டு உண்டு. அதை விடுவிக்காமல் வளையம் இறுகிவிட்டது என்று பழுதுபார்க்கக் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

எம்42 திருகு லென்ஸ்களில் பின்புறம் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது அழுத்தப்பட்டால்தான் துளை மூடும். லென்ஸின் பக்கவாட்டில் தானியங்கி, கைமுறை என மாற்றும் பொத்தான் இருந்தால் கைமுறையில் வைத்துவிடுங்கள், ஊசியைப் பற்றிக் கவலை இல்லை. பொத்தான் இல்லாத லென்ஸுக்கு, உள்ளே விளிம்பு வைத்து ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும் அடாப்டர் வேண்டும். ஹீலியோஸ் வரிசையில் 44எம்-இல் அந்தப் பொத்தான் உண்டு, 44எம்-4-இல் கிடையாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள்.

ஹீலியோஸ் 44-2 இவற்றில் தனி ரகம். அதில் இரண்டு வளையங்கள். எண்கள் பொறித்த வளையம் எல்லையை மட்டும் குறிக்கும். எண்ணில்லாத மற்றொரு வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பும். முழுத் திறப்பிலிருந்து நீங்கள் வைத்த எல்லை வரை போய் நின்றுவிடும். அந்தக் காலத்தில் இதைத் தொல்லை என்று ஒதுக்கினார்கள். அடாப்டரில் மாட்டுவதற்கு இதைவிடத் தோதான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. காரணம் 7-ஆம் பகுதியில்.

2. அடாப்டரின் தடிமனைக் கணக்கிடுங்கள்

லென்ஸ் உட்காரும் முகப்புக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் நிலையானது. பென் எஃப்-க்கு அது 28.95 மி.மீ. நிக்கான் எஃப்-க்கு 46.5, எம்42-க்கும் பென்டாக்ஸ் கே-க்கும் 45.46, மினோல்டா எம்டி-க்கு 43.5. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடாப்டர் நிரப்ப வேண்டும். அதன்படி நிக்கான் அடாப்டர் 17.55 மி.மீ., எம்42 அடாப்டர் 16.51 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும்.

லைக்கா திருகு லென்ஸின் தூரம் 28.8 மி.மீ. அது பென் எஃப்-இன் தூரத்தைவிடக் குறைவு. காகிதத் தடிமனில் அடாப்டர் செய்தாலும் தொலைவு, அதாவது லென்ஸில் ∞ என்று குறித்திருக்கும் முடிவிலி, ஃபோகஸ் ஆகாது, அருகிலுள்ள பொருளை எடுக்க மட்டுமே உதவும். விற்பவர் என்ன சொன்னாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது.

தடிமன் சற்றுக் குறைந்தால் பெரிய நட்டமில்லை. லென்ஸ் தொலைவைத் தாண்டிக் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். தடிமன் கூடினால்தான் தொல்லை. 0.1 மி.மீ. கூடினால் 50 மி.மீ. லென்ஸுக்கு ஃபோகஸ் ஏறத்தாழ 25 மீட்டரோடு நின்றுவிடும். அதே பிழையில் 28 மி.மீ. லென்ஸ் 8 மீட்டரைக்கூடத் தொடாது. 135 மி.மீ. லென்ஸோ 180 மீட்டர் வரை போகும். அகலக் கோண லென்ஸுக்குத்தான் நல்ல அடாப்டர் தேவை என்பது இதிலிருந்து தெரியும். நீள லென்ஸுக்கு விலை கொடுத்து வாங்கிவிட்டு 28-க்கு மலிவானதை மாட்டுகிறவர்கள் காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

3. மேசைமேல் லென்ஸைச் சோதியுங்கள்

முழுத் திறப்பில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கடலூரிலும் புதுச்சேரியிலும் மூடிய அலமாரியில் சில மழைக்காலங்களைக் கழித்த லென்ஸில் இது இல்லாவிட்டால்தான் வியப்பு. ஓரத்தில் மெல்லியதாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து வளையத்தைத் திருப்பி, துளையை மூடும் தகடுகளைப் பாருங்கள். எண்ணெய் பளபளத்தால் உயவுப் பசை உருகி ஒழுகியிருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த லென்ஸ்களில் இது வழக்கம். அதன் சொந்தக் கேமராவில் அந்த லென்ஸ் பயன்படாது, ஏனென்றால் ஷட்டர் திறக்கும் அந்தக் கண நேரத்தில் தகடுகள் மூடியாக வேண்டும். நம் முறையில் படம் எடுக்கும் முன்பே நாம் மூடிவிடுகிறோம். தகடு மெதுவாக நகர்ந்தாலும் முழுதாக மூடினால் போதும். "பிளேடு ஆயில்" என்று விலை குறைத்து விற்கும் லென்ஸை நான் தயங்காமல் வாங்குவது இதனால்தான். ஆனால் பாதியில் நின்றுவிடும் தகடு வேண்டாம்.

கடைசியாக, வளையத்தின் ஒவ்வொரு கிளிக்கும் எத்தனை ஸ்டாப் என்று எண்ணிப் பாருங்கள். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எஃப் எண் வரிசையில் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும், ஒவ்வொரு படியும் (ஒரு ஸ்டாப்) வெளிச்சத்தைப் பாதியாக்கும். நிக்கான் ஏஐ லென்ஸில் ஒரு கிளிக் ஒரு முழு ஸ்டாப். பென்டாக்ஸ் லென்ஸ்களில் பாதி ஸ்டாப்புக்கும் கிளிக் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டுகிறவர் கிளிக்கை மட்டும் எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகப் பிசகும்.

4. அடாப்டரை முதலில் லென்ஸில் மாட்டுங்கள்

பலர் அடாப்டரைக் கேமராவில் பூட்டிவிட்டு அதன்மேல் லென்ஸைத் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் திருகும் விசை முழுதும் அறுபது வயதான கேமரா முகப்பின் மேல் விழுகிறது. கடற்கரையில் நின்று செய்தால் கண்ணாடி அறை அவ்வளவு நேரமும் உப்புக் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. வீட்டிலேயே லென்ஸையும் அடாப்டரையும் இணைத்து, இரண்டையும் ஒரே லென்ஸாக நினைத்துக் கேமராவில் பொருத்துங்கள்.

எம்42 லென்ஸை விரல் நுனியின் பலத்தோடு நிறுத்துங்கள். இறுக்கினால் கழற்றும்போது லென்ஸுக்குப் பதில் அடாப்டர் கழன்று வரும். திருகி முடித்ததும் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால் அது குற்றமில்லை. நல்ல அடாப்டரின் ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று நுண்ணிய திருகுகள் இருக்கும். அவற்றைச் சற்றுத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி, எண்கள் மேலே வந்ததும் இறுக்கிவிடுங்கள். இந்தச் சிறு வேலையைச் செய்யாதவர்கள் வெயிலில் கேமராவைக் கவிழ்த்துக் கவிழ்த்து எண்ணைத் தேடுவதைப் பார்க்கலாம்.

5. பிலிம் போடும் முன் தொலைவைச் சரிபாருங்கள்

வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிவதெல்லாம் பிலிமிலும் தெளிவாக விழும் என்று நம்ப வேண்டாம். பழைய கேமராவில் ஃபோகஸ் திரை சற்று இடம் மாறியிருக்கலாம்.

பின்கதவைத் திறங்கள். பிலிம் படியும் உட்தண்டவாளங்கள் இரண்டின்மேல் பால்நிற ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டுங்கள், தொய்வு கூடாது. ஷட்டர் பக்கம் நாடா தொடக்கூடாது. பென் எஃப்-இன் ஷட்டர் சுழலும் டைட்டானியத் தகடு, அதில் விரலோ பசையோ படவே கூடாது. கேமராவை முக்காலியில் வைத்து, வேகத்தை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) அமைத்து, கேபிள் ரிலீஸால் திறந்து பூட்டுங்கள். முழுத் திறப்பில், தொலைவுக் குறியில் லென்ஸை வைத்து, அடிவானத்தில் நிற்கும் படகை நோக்கித் திருப்புங்கள். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை போதும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்துக்கொண்டு நாடாவைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தலைகீழான படகு தெரியும்.

பென் லென்ஸில் தெளிவாகவும் வேற்று லென்ஸில் மங்கலாகவும் இருந்தால் அடாப்டர் தடிமன் பிசகியிருக்கிறது. இரண்டிலும் நாடா தெளிவாக, வியூஃபைண்டர் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவின் திரையைச் சரிசெய்ய வேண்டும். அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் நாடாவை மெதுவாக உரியுங்கள்.

6. கோணம் மாறும், துளை எண் மாறாது

அரை ஃபிரேம் 18×24 மி.மீ. முழு ஃபிரேமோடு (24×36 மி.மீ.) ஒப்பிட, லென்ஸின் மி.மீ. எண்ணான குவியத்தூரத்தை ஏறத்தாழ 1.44 ஆல் பெருக்குங்கள். 28 என்பது 40 போலவும், 35 என்பது 50 போலவும், 50 என்பது 72 போலவும், 135 என்பது 194 போலவும் தெரியும். எஃப் எண்ணைப் பெருக்கக் கூடாது. எஃப் 8 என்றால் வெளிச்சக் கணக்கில் எங்கும் எஃப் 8-தான். வெள்ளை நகரத்துக் குறுகிய தெருக்களுக்கு 50 மி.மீ. நெருக்கமாகப்படும். ஒரே லென்ஸ் வாங்குவதென்றால் 28 அல்லது 35 வாங்குங்கள்.

7. திற, ஃபோகஸ் செய், மூடு, அழுத்து

இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பென் லென்ஸை மாட்டினால் நீங்கள் பார்க்கும்போது துளை முழுதாகத் திறந்திருக்கும், அழுத்தும் கணத்தில் கேமரா அதை மூடும். அடாப்டரில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. வளையம் எங்கே நிற்கிறதோ துளை அங்கேயே நிற்கும்.

முதலில் வளையத்தை முழுத் திறப்புக்குக் கொண்டுபோங்கள். மூடிய துளையில் ஃபோகஸ் செய்தால் இரண்டு கேடு: திரை இருண்டுவிடும், ஃபோகஸ் ஆழம் கூடுவதால் எல்லாமே தெளிவாக இருப்பதுபோல ஏமாற்றும். எஃப்டி-யின் திரை இயல்பாகவே மங்கல். கண்ணாடியில் விழும் வெளிச்சத்தின் ஒரு பங்கை அதை அளக்கும் மீட்டர் எடுத்துக்கொள்கிறது. எஃப் 8-இல் அதில் ஃபோகஸ் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதற்குச் சமம்.

ஃபோகஸ் செய்தபின் கண்ணை எடுக்காமல் வளையத்தை மூடுங்கள். கிளிக்கை விரலால் எண்ணுங்கள். எஃப் 2-இலிருந்து எஃப் 8-க்கு முழு ஸ்டாப் வளையத்தில் நான்கு கிளிக். திரை இருள்வதே மூடிவிட்டதற்கு அடையாளம். திரை பளிச்சென்று இருக்கும்போது விரல் ஷட்டர் பொத்தானுக்குப் போனால் நின்றுவிடுங்கள், ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

மூடும்போது ஃபோகஸ் வளையம் கூடவே நகர்ந்துவிடுவது அடுத்த பிழை. இரண்டு வளையங்களும் அருகருகே உள்ள சிறிய லென்ஸ்களில் இது அடிக்கடி நடக்கும். இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, ஆட்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் அபர்ச்சர் வளையத்தை மட்டும் பிடியுங்கள்.

ஹீலியோஸ் 44-2-இல் இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது. எண் வளையத்தைக் காலையிலேயே எஃப் 8-இல் வைத்துவிடுங்கள். பிறகு எண்ணும் வேலையே இல்லை. வழுக்கும் வளையத்தை ஒருபுறம் தள்ளினால் முழுத் திறப்பு, மறுபுறம் தள்ளினால் முட்டி நிற்குமிடம் எஃப் 8. கடலூரிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர் நிக்கான் லென்ஸில் மூட மறந்து மறந்து வெளுத்த படங்களாகவே வைத்திருந்தார். 44-2 கைக்கு வந்தபின் அது நின்றது. மூடும் அசைவு ஒரே தள்ளாகிவிட்டதால் விரல் அதை ஷட்டர் அழுத்துவதோடு சேர்த்தே கற்றுக்கொண்டது.

தெருவில் ஆட்கள் நடமாடும் இடத்தில் இந்த வரிசைக்கு நேரமிருக்காது. அங்கே வேறு வழி: எஃப் 8-இல் மூடியே வைத்து, 28 மி.மீ. லென்ஸில் தூரத்தை மூன்று நான்கு மீட்டரில் குறித்துவிட்டு, ஃபிரேமை மட்டும் பாருங்கள். அதற்கு லென்ஸின் தூர அளவுகோல் சரியாக இருக்க வேண்டும். 5-ஆம் பகுதியின் சோதனையில் தேறாத அடாப்டரை இதற்கு நம்ப முடியாது.

8. வெளிச்சத்தை அளப்பது

பென் எஃப்-இலும் எஃப்வி-யிலும் மீட்டர் இல்லை. எஃப்டி-யில் இருக்கிறது, அது 0 முதல் 7 வரை எண் காட்டும். பென் லென்ஸ்களின் வளையத்தில் எஃப் எண்களோடு இந்த எண்களும் பொறித்திருக்கும். வேற்று லென்ஸில் அவை இருக்காது என்பதால் மீட்டர் பயனற்றது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தேவையில்லை. முழுத் திறப்பிலிருந்து எத்தனை ஸ்டாப் மூட வேண்டும் என்பதே அந்த எண். எஃப் 2 லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது முள் 4 காட்டினால் நான்கு ஸ்டாப் மூடி எஃப் 8-க்குப் போங்கள். எஃப் 1.8 லென்ஸில் கணக்கு எஃப் 7-க்கு வரும், 8-க்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். வளையத்தை மூடிக்கொண்டே போய் முள் 0-க்கு வரும் இடத்தில் நிறுத்தினாலும் விடை ஒன்றே. ஆனால் மங்கிய திரையில் முள்ளைப் படிப்பது சிரமம். முதல் வழியே வசதி.

எஃப்டி-யின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் கூடுதலாகக் காட்டி, படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். அளவில் சிறியது, சுற்றிலும் ஒரு வளையம் வைத்துப் பொருத்துங்கள். ஒட்டுத்தாளை உரித்ததும் அது தீரத் தொடங்கிவிடும், பயன்படுத்தாவிட்டாலும்.

மீட்டரே இல்லாவிட்டால் நம் ஊர் வெயில் போதிய வழிகாட்டி. மேகமற்ற நண்பகலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 1/125, எஃப் 16. அதையே 1/500, எஃப் 8 என்றும் எடுக்கலாம், இரண்டாவதையே நான் எடுப்பேன். அரை ஃபிரேமை அதிகம் பெரிதாக்க வேண்டியிருப்பதால் எஃப் 16-இல் வரும் மென்மை படத்தில் தெரியும். இதே காரணத்துக்காகக் கடற்கரைப் பகலுக்கு 400 பிலிம் வேண்டாம். பென் எஃப்-இன் ஆகக் கூடிய வேகம் 1/500. 400 பிலிம் போட்டால் வளையம் எஃப் 16-ஐ விட்டு நகராது.

வெள்ளைச் சுவரையும் மஞ்சள் சுவரையும் நேரே அளந்தால் மீட்டர் ஏமாறும். அவற்றைச் சாம்பல் நிறமாக்கவே அது பார்க்கும். ஒரு ஸ்டாப் திறந்து கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுக்கும், குறைவைப் பொறுக்காது.

9. முதல் ரோலைச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள்

36 ரோலில் 72 படம் கிடைக்கும். ஒரே காட்சியை முழுத் திறப்பிலும், எஃப் 4-இலும், எஃப் 8-இலும் எடுங்கள். அருகில் ஒன்று, நடுத்தூரம் ஒன்று, அடிவானம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் எண், லென்ஸ், துளை, வேகம் நான்கையும் தாளில் எழுதுங்கள். பிலிமில் இவை எங்கும் பதியாது. எழுதாத சோதனையால் பயனில்லை.

10. கடற்கரையிலிருந்து திரும்பியதும்

வளையங்களின் இடுக்கில் உப்பும் மணலும் சேரும். ஊதுபலூனால் மணலை முதலில் ஊதுங்கள். துணியால் துடைத்தால் மணல் உள்ளே போகும். பிறகு சற்றே ஈரமான துணி, அதன்பின் உலர்ந்த துணி. லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு வீடாகும்.

பிலிமைக் கழுவக் கொடுக்கும்போது அரை ஃபிரேம் என்று உறையின்மேலேயே எழுதுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக ஸ்கேன் செய்துவிடுவார்கள், அல்லது முழு ஃபிரேம் கணக்கில் வெட்டும்போது கத்தி ஒரு படத்தின் நடுவே இறங்கும். வெட்டாமல் சுருளாகவே தரச் சொல்லி, வீட்டில் வெளிச்சப் பலகையில் வைத்துப் பன்னிரண்டு பன்னிரண்டு படங்களாக நீங்களே வெட்டிக்கொள்வது நல்லது.